கொம்பு ஆமையும் நாம் காட்டிய பொய்ப் படமும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில், அஸ்ருத் தொழுகைக்குப் பின் நாம் பாடம் நடத்தும் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஆது சமுதாயத்தாரின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஹூத் (அலை) அவர்களின் அழைப்பை அம்மக்கள் புறக்கணித்ததையும், கடுங்காற்று அவர்களை வேரற்ற மரங்களாய்ச் சாய்த்ததையும் விளக்கிய பின், கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினோம். தோண்டப்பட்ட பெரிய குழி. அதனுள் பிரம்மாண்டமான மனித எலும்புக்கூடு. அதன் மண்டையோட்டருகே நிற்கும் மனிதர் பொம்மையைப் போலச் சிறுத்துத் தெரிந்தார். அரபுப் பாலைவனத்தில் எரிவாயு தேடியபோது கிடைத்த ஆது கூட்டத்தாரின் எலும்பு என்று படத்தோடு வந்த செய்தி கூறியது. அதையும் அப்படியே சொன்னோம். பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தனர். ஒருவன் சுப்ஹானல்லாஹ் என்றான். அன்று பாடம் நன்றாக அமைந்தது என்ற மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

பெருநாளன்று நம்மைச் சந்திக்க ஒரு பழைய மாணவர் வந்தார். கல்லூரியில் நிலவியல் பயில்பவர். தம்பியின் வாயிலாகப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். எல்லோரும் சென்ற பின், தனியாக, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஹஸ்ரத், அந்தப் படம் 2002இல் இணையத்தில் நடந்த ஒரு போட்டிக்காகக் கணினியில் செய்தது. குழி உண்மையானது. ஆனால் அது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், 2000ஆம் ஆண்டு மாஸ்டோடான் என்ற பழங்கால யானையினத்து எலும்பைத் தோண்டிய இடம். அதன்மேல் மனித எலும்புக்கூட்டை ஒட்டியிருக்கிறார்கள்."

நமக்கு முகம் வெந்துபோயிற்று. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "பெரிய பெரிய அறிஞர்களுக்கும் எலும்பு விஷயத்தில் இப்படி நேர்ந்திருக்கிறது, ஹஸ்ரத்" என்று தொடங்கி, ஓர் ஆமையின் கதையைச் சொன்னார். நம்மைத் தேற்றுவதற்காகச் சொன்ன கதைதான். ஆனால் அதன்பின் அது நம்மை விடவில்லை. தேடிப் படித்தோம். இந்த முறை சரிபார்த்துப் படித்தோம். படித்ததை உங்களிடம் பகிர்வதற்கே இக்கட்டுரை.

ஆஸ்திரேலியக் கரைக்குக் கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் பசிபிக் கடலின் நடுவே லார்ட் ஹவ் என்றொரு சிறு தீவு இருக்கிறது. எரிமலை உமிழ்ந்து உண்டான தீவு. நீளம் சுமார் பத்து கிலோமீட்டர்தான். எந்தக் கண்டத்தோடும் அது ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. 1788இல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் அதைக் கண்டபோது அங்கு மனிதர் எவரும் இல்லை. அத்தீவில் பண்டைக் கடற்கரை மணல் இறுகிப் பாறையாகிய படிவுகளில், அழிந்துபோன ஒரு பெரிய ஆமையின் எலும்புகள் கிடைக்கின்றன. அவை ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை. அந்த ஆமைப் பேரினத்துக்கு மெயோலானியா என்று பெயர்.

நாம் குளத்திலும் வயலிலும் காணும் ஆமையைக் கொண்டு இதை எண்ணிப் பார்க்க இயலாது. ஓடு மட்டுமே ஒரு மீட்டர் அளவு நீளம். தலையின் பின்பக்கத்தில் இருபுறமும் காளைமாட்டுக் கொம்பைப் போல எலும்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆமை என்றாலே ஆபத்து வந்தால் தலையை உள்ளிழுத்துக்கொள்ளும் என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இதற்கு அந்த வசதி இல்லை. கொம்பு ஓட்டுக்குள் நுழையாது. வாலைச் சுற்றிலும் எலும்பு வளையங்கள் கவசமாய் அமைந்து, நுனியில் முட்கள் நிறைந்த தண்டாயுதம் போல் முடியும். தரையில் நடந்து இலைதழை தின்று வாழ்ந்த விலங்கு. இறைவனின் படைப்பில் எத்தனை கோலங்கள்!

இதன் எலும்புகள் 1880களில் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவற்றைப் பெற்று ஆராய்ந்தவர் ரிச்சர்ட் ஓவன். அவர் சாதாரணமானவர் அல்லர். டைனோசர் என்ற பெயரை 1842இல் உலகுக்கு வழங்கியவர். லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உருவாகக் காரணமானவர். 1839இல் நியூசிலாந்திலிருந்து வந்த, ஒரு சாண்கூட இல்லாத எலும்புத் துண்டு ஒன்றைப் பார்த்து, அங்கே நெருப்புக்கோழியை ஒத்த மாபெரும் பறவை வாழ்ந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார். உலகம் ஐயுற்றது. சில ஆண்டுகளில் பெட்டி பெட்டியாக எலும்புகள் வந்து சேர்ந்து அவர் சொல்லை மெய்ப்பித்தன. ஒரு துண்டு எலும்பிலிருந்து முழு விலங்கையும் சொல்லிவிடக்கூடியவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. பின்னாளில் அவர் இடறியதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம் என்பது நம் கணிப்பு. ஒருமுறை சரியாகச் சொன்னவருக்கு மறுமுறை நிதானிக்கத் தோன்றுவதில்லை. மேடையில் பயான் செய்யும் நமக்கும் அந்த நோய் உண்டு.

லார்ட் ஹவ் எலும்புகள் வருவதற்கு முன்பே ஓவன் ஒரு தவறைச் செய்திருந்தார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் கிடைத்த பெரிய முதுகெலும்புகளைக் கொண்டு, உடும்பு இனத்தைச் சேர்ந்த ராட்சதப் பல்லி ஒன்றை அவர் முன்னரே அறிவித்திருந்தார். அதற்கு மெகலானியா என்று பெயரிட்டார். பேரலைவோன் என்று பொருள்படும் கிரேக்கப் பெயர். அதுவரையில் தவறில்லை, அப்படியொரு பெரும் உடும்பு மெய்யாகவே வாழ்ந்தது. 1880ஆம் ஆண்டளவில் அதே வட்டாரத்திலிருந்து கொம்புள்ள மண்டையோடு ஒன்று வந்தது. பல் ஒன்றுகூட இல்லை. ஓவன் அதை எடுத்து உடும்பின் உடலில் தலையாகப் பொருத்திவிட்டார். ஆஸ்திரேலியப் பாலையில் உடலெங்கும் முள்ளும் கொம்புமாக ஒரு சிறு பல்லி இன்றும் வாழ்கிறது. அதைப் போன்றதே இதுவும், அளவுதான் பெரிது என்று அவர் எண்ணினார். பின்னர்ச் சில கால் எலும்புகளும் வந்தன. அவற்றையும் அந்த உடலோடு சேர்த்தார்.

அந்த முதுகெலும்பு உடும்புடையது. தலை ஆமையுடையது. கால் எலும்புகளோ வயிற்றுப்பையில் குட்டியைச் சுமக்கும் கங்காரு வகை உறவினத்து விலங்கினுடையவை. மூன்று உயிர்களைச் சேர்த்து உலகில் ஒருநாளும் நடமாடாத ஒரு விலங்கை அவர் படைத்துவிட்டார். அவற்றுள் எந்த எலும்பும் போலி அன்று. எவரும் பொய் சொல்லவும் இல்லை. எலும்புகள் உண்மையானவை, அவற்றைச் சேர்த்த விதம்தான் தவறு.

1886இல் லார்ட் ஹவ் எலும்புகளை விவரித்தபோது, கொம்புத் தலையைக் கண்டதும் இது தம்முடைய அந்த ராட்சதப் பல்லியின் சிறிய உறவினம் என்று முடிவுகட்டினார். ஆகவேதான் சிற்றலைவோன் என்ற பொருளில் மெயோலானியா என்று பெயர் சூட்டினார். அப்போது அவருக்கு வயது 82.

மறு ஆண்டே மறுப்பு வந்தது. எழுதியவர் தாமஸ் ஹக்ஸ்லி. இருவருக்கும் பல ஆண்டுப் பகை என்பதை அக்கால லண்டன் முழுவதும் அறியும். லார்ட் ஹவ் தீவிலிருந்து தமக்கு வந்த எலும்புகளை ஆராய்ந்து, இது பல்லியே அன்று, ஆமை என்று ஹக்ஸ்லி நிறுவினார். கொம்பாமை என்று பொருள்படும் புதிய பெயர் ஒன்றையும் இட்டார். பகைவர் சொன்னார் என்பதற்காக அச்சொல் பொய்யாகிவிடவில்லை. இந்த இடத்தில் நம் சமுதாயத்தைச் சற்று நினைத்துப் பார்க்கிறோம். ஒரு திருத்தத்தைச் சொல்பவர் எந்த இயக்கத்தவர், எந்தப் பள்ளிவாசலில் தொழுபவர் என்று விசாரித்து முடித்த பிறகுதான் நாம் அதைக் காதில் வாங்கவே ஆயத்தமாகிறோம்.

1888இல் ஆர்தர் ஸ்மித் உட்வர்ட் என்ற இளம் ஆய்வாளர் எஞ்சிய முடிச்சையும் அவிழ்த்தார். ஓவன் உருவாக்கிய அதே அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர் அவர். உடும்பின் எலும்பை உடும்புக்கும், ஆமையின் எலும்பை ஆமைக்கும், பைவிலங்கின் எலும்பை அதற்குமாகப் பிரித்துக் கொடுத்தார். குவீன்ஸ்லாந்துக் கொம்புத் தலைக்கு உரிய ஆமை இனத்துக்கு அவர் இட்ட பெயர் ஓவனி. எவர் அந்தத் தலையைத் தவறாக அறிந்தாரோ அவருடைய பெயரையே அதற்குச் சூட்டினார். தவறைத் திருத்தியவர், தவறியவரைக் கேலி செய்யவில்லை. அந்த அதபு நம் நெஞ்சைத் தொட்டது. நம் பழைய மாணவர் தனியே அழைத்துச் சொன்னதும் அதே அதபுதானே.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஓர் உயிரினத்துக்கு முறைப்படி முதலில் இடப்பட்ட பெயரே நிலைக்கும் என்பது விலங்கியலாரின் விதி. ஆகவே ஹக்ஸ்லியின் பொருத்தமான பெயர் வழக்கொழிந்தது. பல்லி என்று எண்ணி ஓவன் வைத்த மெயோலானியா என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. தவறை அழித்துவிட்டு ஒன்றும் நேராதது போல் அவர்கள் நடிக்கவில்லை. யார் சொன்னார், எந்த ஆண்டு சொன்னார், யார் திருத்தினார் என்ற முழுச் சங்கிலியும் ஏட்டில் இருக்கிறது. அர்ஜென்டினாவில் இதன் மிகப் பழைய உறவினம் ஒன்று கிடைத்தபோது, அதே பெயரின் எழுத்துகளை இடம்மாற்றி நியோலாமியா என்று அழைத்தார்கள். குவீன்ஸ்லாந்து ஆமையையோ யூஜின் காஃப்னி என்பவர் 1992இல் தனிப் பேரினமாகப் பிரித்து நிஞ்செமிஸ் என்று பெயரிட்டார். நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் நிஞ்சா ஆமைகளை நினைத்து வைத்த பெயர் அது. அறிஞர்களுக்கும் விளையாட்டுப் புத்தி இருக்கத்தான் செய்கிறது. அதே காஃப்னிதான் லார்ட் ஹவ் ஆமையின் மண்டையோட்டை 1983இலும், உடல் எலும்புகளை 1996இலும் ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். ஓவன் பெயரிட்டதிலிருந்து கணக்கிட்டால் 110 ஆண்டுகள். நாம் ஒரு படத்தைப் பெற்று, நம்பி, பிறருக்கு அனுப்ப எடுத்துக்கொண்டது ஒரு நிமிடம்கூட இல்லை.

உஸூலுல் ஹதீஸ் பாடம் நடத்துவோருக்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. ஒரு ஹதீஸின் மூலவாசகத்தினுள், அறிவிப்பாளர் ஒருவர் இடையில் விளக்கமாகச் சொன்ன சொல் கலந்துவிடுவதுண்டு. பின்னர்க் கேட்டவர் இரண்டையும் ஒன்றெனக் கருதி அறிவித்துவிடுவார். இதனை முத்ரஜ் என்கிறோம். கலந்தவர் பொய்யராக இருக்க வேண்டியதில்லை, நம்பகமானவராகவே இருப்பார். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்கள் இத்தகைய கலப்புகளைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். வெவ்வேறு வழிகளில் வந்த அறிவிப்புகளை அருகருகே வைத்து, எச்சொல் எவருடையது என்று பிரித்தார்கள். உட்வர்ட் எலும்புகளில் செய்ததும் இதே வேலைதான். அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்த ஒழுங்கைக் கற்றிருந்த சமுதாயம் நாம். பாடத்தில் முத்ரஜை விளக்கிவிட்டு, பாடம் முடிந்ததும் யானைக் குழியில் மனித எலும்பை ஒட்டிய படத்தைப் பகிர்ந்திருக்கிறோம். இதைவிட வெட்கம் வேறென்ன?

உட்வர்டின் கதை அத்தோடு முடியவில்லை. 1912இல், புகழின் உச்சியில் இருந்தபோது, இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னும் ஊரில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மண்டையோட்டை ஆதிமனிதனுடையது என்று உலகுக்கு அறிவித்தவர்களுள் அவரும் ஒருவர். 1953இல் உண்மை வெளிப்பட்டது. மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் குரங்கின் தாடையைச் சேர்த்து, கறையேற்றி, பல்லை அராவி எவரோ செய்த மோசடி. மூன்று விலங்குகளின் எலும்புகளைப் பிரித்துக் காட்டிய அதே கண்களுக்கு இரண்டு விலங்குகளின் ஒட்டு புலப்படவில்லை. இம்மண்ணின் ஆதிமனிதன் நம் நாட்டில் கிடைக்க வேண்டும் என்ற ஆசை அந்நாளைய ஆங்கிலேயருக்கு இருந்தது. அந்த ஆசைக்கு ஏற்ற எலும்பு வந்ததும் கேள்வி தணிந்துவிட்டது. 1944இல் இறக்கும்வரை உட்வர்ட் அதை நம்பியே இருந்தார். ஆது கூட்டத்தாரின் எலும்பு நம் கைப்பேசிக்கு வந்தபோது நமக்கு நேர்ந்ததும் இதுவே. பிடித்தமான செய்தி என்பதால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

நல்ல எடுத்துக்காட்டும் ஒன்று இருக்கிறது. வனுவாட்டு நாட்டின் எஃபாத்தே தீவில் தெயூமா என்னுமிடத்தில், ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் கடல்வழியே வந்து குடியேறிய மக்களின் இடுகாடும் குப்பைமேடும் அகழப்பட்டன. அங்கே பெரிய தரையாமையின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலும் கால் எலும்புகள். ஓட்டுத் துண்டுகள் மிகச் சில. தலையும் இல்லை, வாலும் இல்லை. வேறிடத்தில் அறுத்து இறைச்சி மிகுந்த காலை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலத்துப் படிவுகளில் மட்டும் அந்த எலும்புகள் உள்ளன. மனிதர் வந்தபின் அந்த ஆமை நீடிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது முதலில் எழுந்த கேள்வி, "ஹஸ்ரத், அது ஹலாலா?" என்பதுதான். நம் வட்டாரத்தில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் ஆமை உண்ணத்தக்கது அன்று என்றே நாம் ஓதியிருக்கிறோம் என்றோம். ஒருவனுக்குச் சற்று வருத்தம்தான்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது அந்த ஆமையின் பெயரை. 2010இல் அதை அறிவித்த ஆய்வாளர்கள், கொம்பாமைக் குடும்பத்தது என்று கருதி மெயோலானியா என்று எழுதினார்கள். ஆனால் அப்பெயரோடு ஒரு கேள்விக்குறியையும் இட்டார்கள். உறுதியாகச் சொல்லத் தலையும் வாலும் தேவை, அவை கிடைக்கவில்லை. ஆகவே அறிவியல் பெயரினுள்ளேயே கேள்விக்குறி. இல்லாத கொம்பை அவர்கள் ஒட்டிவைக்கவில்லை. உறுதியாகத் தெரியாத மஸ்அலாவில் வல்லாஹு அஃலம் என்று எழுதி நிறுத்திய நம் ஃபுகஹாக்களின் பேனாவை அந்தக் கேள்விக்குறி நினைவூட்டுகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பொய்ப் படத்தைக் காட்டியதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லப்போகிறோம் என்றபோது, பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் தடுத்தார். "விடுங்க ஹஸ்ரத், நல்லதுக்குத்தானே சொன்னீங்க? பிள்ளைங்களுக்கு ஈமான் கூடியிருக்கும். இப்பப் போய் பொய்னு சொன்னா உங்க மேல உள்ள மரியாதைதான் குறையும்" என்றார். அன்போடு சொன்னதுதான். ஆனால் இந்த வாதத்துக்கு நம் இமாம்கள் என்றோ பதில் சொல்லிவிட்டார்கள். மக்களைக் குர்ஆன் ஓதுவதன்பால் ஈர்ப்பதற்காகவே சூராக்களின் சிறப்புகள் குறித்து ஹதீஸ்களைப் புனைந்தவர்கள் இருந்தார்கள். நாங்கள் நபி (ஸல்) அவர்களுக்கு எதிராகப் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு ஆதரவாகத்தான் சொன்னோம் என்று அவர்கள் வாதிட்டார்கள். இமாம்கள் அந்த நல்லெண்ணத்தை ஏற்கவில்லை. அவர்களைப் பொய்யர்களின் வரிசையிலேயே வைத்தார்கள்.

இன்றைய பிள்ளை நாளை கல்லூரிக்குப் போகும். அங்கே ஒருநாள் அந்தப் படம் பொய்யென்று அறியும். அப்போது படத்தை மட்டுமே தள்ளிவிட்டு, படத்தோடு நாம் சேர்த்துச் சொன்ன வரலாற்றைத் தள்ளாமல் இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? உடும்பின் எலும்போடு ஆமையின் தலையை ஒட்டியது போல, உறுதியான வேதச் செய்தியோடு கணினியில் செய்த எலும்பை நாமே ஒட்டிவிட்டோம். அந்தப் பிள்ளையால் அதைப் பிரிக்க முடியாமல் போனால், கேட்கப்படுவது அந்தப் பிள்ளையா, நாமா?

சொன்னோம். ஷவ்வால் மாதத்தில் மதரஸா மீண்டும் தொடங்கிய முதல் வாரமே, வகுப்பின் முன் நின்று, அந்தப் படம் பொய், நாம் விசாரிக்காமல் காட்டிவிட்டோம், வீட்டிலும் சொல்லிவிடுங்கள் என்றோம். சிறிது நேரம் அமைதி. முன்வரிசையில் இருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுந்தான். "ஹஸ்ரத், அப்போ ஆது கூட்டத்தாரும் பொய்யா?"

நாம் அஞ்சியிருந்த கேள்வி அது. இல்லை என்றோம். ஆது சமுதாயத்தார் வலிமை மிக்கவர்கள் என்று அல்லாஹ் கூறுகிறான். நாம் அதை நம்புகிறோம். அவர்கள் இத்தனை முழ உயரம் என்று அவன் அளவு கூறவில்லை. அந்த அளவைப் படத்திலிருந்து எடுத்து நாம்தான் சேர்த்தோம். படம் வருவதற்கு முன்பே அந்த வரலாறு இருந்தது, படம் போன பின்பும் இருக்கிறது என்று விளக்கினோம். அவன் தலையசைத்தான். முழுதும் தெளிந்தானா என்பதை அவன் முகத்திலிருந்து அறிய முடியவில்லை. அடுத்த வாரம் அவன் வாப்பாவை அழைத்தும் பேசினோம்.

பின்பு கொம்பு ஆமையின் கதையைச் சொன்னோம். சொல்லி முடித்து, பழைய மாணவர் அனுப்பியிருந்த எலும்புக்கூட்டின் படத்தைக் கைப்பேசியில் திறந்து காட்டினோம். அகன்ற கொம்புத் தலை, கவசமிட்ட வால், பெரிய ஓடு. பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தனர். அதே பன்னிரண்டு வயதுக்காரன் மட்டும் படத்தைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துக் கேட்டான்: "இது எங்கே இருக்கு ஹஸ்ரத்? யார் எடுத்த படம்?"

நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றோம். படத்தை எடுத்தவர் யார் என்பதற்கு நம்மிடம் விடை இல்லை. விசாரித்து நாளை சொல்கிறோம் என்றோம்.